குசினி நிலம்

ஒரு மக்கட் கூட்டத்தினரின் வரலாற்றை அறிய விழைவோர் அவர்தம் கோயில்களையும் விழாக்களையும் கூத்துகளையும் துருவி ஆராய்வது வழக்கம். அவர்கள் வாழும் வீட்டை ஆராய்வோரும் உளர். ஆயினும் அவ்வீட்டின் நிலத்தை, அதிலும் குசினியின் நிலத்தைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. கூரை ஒழுகினால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கின்றனர். சுவர் வெடித்தால் வந்தவர்கள் புகைப்படம் எடுத்துச் செல்கின்றனர். நிலமோ காலின் கீழே கிடப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. விடியுமுன்னும் பொழுது பட்ட பின்னும் அதன்மேல் குந்தியிருந்து சமைக்கும் பெண்ணுக்கே அதன் மேடும் பள்ளமும் ஈரமும் வெம்மையும் தெரியும். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களை உள்ளடக்கிய சபரகமுவ மாகாணத்தில், றப்பர் மலைகளுக்கும் தாழ்நிலத் தேயிலைக்கும் இடையே வாழும் தமிழ்க் குடும்பங்களின் குசினி நிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அம்மக்களின் வரலாற்றிலிருந்து பிரித்துக் காணத்தக்கதன்று.

லய வீட்டின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களை முதலில் நோக்குதல் பயனுடையது. படுத்துறங்கும் அறை 'காம்பரா'. சமைக்கும் இடம் 'குசினி'. இவ்விரு சொற்களும் போர்த்துக்கேய மொழி தந்தவை. முன்புறத் திண்ணையாகிய 'இஸ்தோப்பு' ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். வீட்டு வரிசை முழுவதையும் குறிக்கும் 'லயன்' ஆங்கிலேயருடையது. அது மக்கள் வாயில் 'லயம்' எனத் திரிந்தபோது, குதிரை கட்டும் கொட்டிலைக் குறிக்கும் பழைய சொல்லோடு ஒன்றாகிவிட்டதைப் பலர் கசப்புடன் சுட்டியுள்ளனர். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தவரும் இவ்வாறு ஆளுக்கொரு பங்காக அச்சிறு வீட்டுக்குப் பெயரிட்டுச் சென்றனர். ஆனால் அவ்விடங்களினுள்ளே மக்கள் தம் கையால் ஆக்கிக்கொண்ட இரண்டுக்குத் தமிழ்ப் பெயரே நிலைத்தது. ஒன்று அடுப்பு, மற்றையது நிலம்.

இலங்கைத் தமிழ் வழக்கில் வீட்டின் தரையும் 'நிலம்' எனப்படுகின்றது. காணியாகிய மண்ணும் 'நிலம்' எனப்படுகின்றது. யாழ்ப்பாணத்து விவசாயி ஒருவர் 'நிலம்' என்னும்போது இரண்டையும் குறிக்க முடியும், இரண்டும் அவருடையவை. தோட்டத் தொழிலாளருக்கு அவ்வாறன்று. ஏறத்தாழ இரு நூற்றாண்டு காலம் காடு வெட்டி, கான் வெட்டி, கன்று நட்டு இந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தை வளர்த்த அம்மக்களுக்குக் காணி என்ற பொருளில் நிலம் இருக்கவில்லை. கூட்டுவதற்கும் மெழுகுவதற்கும் மட்டுமே ஒரு நிலம் இருந்தது.

பழைய லயத்தின் அமைப்பு பலரும் அறிந்ததே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். தொழிலாளியை இரவில் தங்கவைத்து விடியலில் பிரட்டுக்கு அழைப்பதற்காக வகுக்கப்பட்ட அமைப்பு அது. குடும்பம் நடத்துவதும் பிள்ளை வளர்ப்பதும் அதனை வரைந்தவர்களின் எண்ணத்தில் முதன்மை பெறவில்லை. எனவே சமையலுக்கென ஒழுங்கான இடம் பல லயங்களில் அமையவில்லை. மக்களே இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்துக் குசினி ஆக்கினர். வீட்டுக்குள் நுழைபவர் முதலில் மிதிப்பது குசினி நிலத்தையே என்ற நிலை இவ்வாறு தோன்றியது. சபரகமுவவின் ஈரம் இதற்கு மேலும் ஒரு சுமை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. மலைச்சரிவை வெட்டி அமைத்த லயங்களின் அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. சரிவில் இறங்கும் நீர் மண்ணினூடே ஊறி, சுவரிலும் நிலத்திலும் ஏறிக்கொண்டேயிருக்கும்.

இத்தகைய குசினிகளின் நிலம் மூன்று பருவங்களைக் கண்டுள்ளது எனலாம். முதலாவது சாணத்தின் பருவம். செம்மண்ணை இடித்து இறுக்கி, சாணத்தைக் கரைத்து, கையை அரைவட்டமாக வீசி மெழுகிய நிலம் அது. குளிர்ச்சியானது, செலவற்றது, ஆயினும் மழைக்காலத்தில் காயாது. வெள்ளிக்கிழமைதோறும் மெழுக வேண்டியவள் பெண். அவள் ஆறு நாளும் மலையில் கொழுந்தெடுத்தவள். இரண்டாவது சீமெந்தின் பருவம். காம்பராவுக்கு முதலிலும் குசினிக்குப் பின்னருமாகச் சீமெந்து வந்தது. வசதி பெற்றவர்கள் சிவப்புச் சாயம் கலந்து பூசி, மெழுகு தடவி, தேங்காய் மட்டையால் தேய்த்து மினுக்கினர். மூன்றாவதே தரையோட்டின் பருவம். கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணம் லயத்தினுள் வரத் தொடங்கிய பின்னர், மக்கள் 'டைல்ஸ்' என வழங்கும் பளபளப்பான சதுரங்கள் குசினி வரை வந்து சேர்ந்தன. சுவரோடுகள் செய்யும் தொழிற்சாலை 1970களிலேயே பலாங்கொடைக்கு வந்துவிட்டது. தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த ஊரிலிருந்து அடுத்த மலையின் லயத்துக்குத் தரையோடு வந்து சேர மேலும் ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நிலத்தையும் இங்கு நினைத்துப் பார்த்தல் பொருந்தும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை வார்த்து, அதன்மேல் மணலும் சீமெந்தும் இட்டு, சூளையில் சுடாமலே தரையோடு செய்கின்றனர். செட்டிநாட்டு மாளிகைகளின் நிலங்கள் அவ்வோடுகளால் ஒளிர்கின்றன. அம்மாளிகைகளை எழுப்பிய செல்வத்தின் ஒரு பகுதி பர்மாவிலும் இலங்கையிலும் நடைபெற்ற வட்டித் தொழிலிலிருந்தும் வணிகத்திலிருந்தும் சென்றது. தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பலர் புறப்பட்டதும் இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி ஆகிய அதே வட்டாரங்களிலிருந்துதான். ஒரே திசையிலிருந்து ஒரே கடலைக் கடந்தவர்களுள் ஒரு சாரார் வண்ண நிலத்துக்குரிய பொருளுடன் மீண்டனர். மற்றொரு சாரார் சாணி மெழுகிய நிலத்தில் தங்கினர். இது தனிமனிதரின் திறமையால் விளைந்த வேறுபாடு அன்று. முதலுடன் வந்தவருக்கும் உடலுழைப்புடன் வந்தவருக்கும் இடையே குடியேற்றப் பொருளாதாரம் வகுத்த வேறுபாடு.

இனி, கஹவத்தைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றில் தம் குசினி நிலத்தைத் தாமே பெயர்த்துப் பதித்த ஒரு தம்பதியரைப் பற்றிக் கூறலாம். இருவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். கணவன் றப்பர் மரத்தில் பால் வெட்டுபவர், மனைவி கொழுந்தெடுப்பவர். ஒரே மகள் கட்டுநாயக்கவிலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவள். அவள் அனுப்பிய பணத்தில் 2018இல் குசினிக்கு முதன்முதலாகத் தரையோடு பதிக்கப்பட்டது. நகரத்திலிருந்து வந்த மேசன் ஒருவர் இரண்டு நாளில் வேலையை முடித்துச் சென்றார். அயலவர் வந்து பார்த்து வியந்தனர். ஐந்து ஆண்டுகள் செல்லுமுன் அந்த நிலம் வெடித்து எழும்பியது. அடுப்பருகே கால் வைத்தால் ஓடு ஆடியது. உலக்கை தவறி விழுந்த இடத்தில் நொறுங்கியது. ஒரு நாள் ஓட்டின் கூர்விளிம்பு மனைவியின் குதிகாலைக் கிழித்தது. காயம் ஆறும் வரை நான்கு நாள் அவர் மலைக்குப் போகவில்லை. நான்கு நாட் சம்பளமும் இல்லை.

இந்த அழிவின் காரணங்களைக் கணவன் தாமாகவே ஆராய்ந்து கண்டறிந்தார். பால் வெட்டுபவர்கள் மரத்தைத் தட்டிப் பார்த்தும் தடவிப் பார்த்தும் பழகியவர்கள். அவர் ஒவ்வோர் ஓட்டையும் கத்திப்பிடியால் தட்டினார். பெரும்பாலானவை வெறும் பானைபோல ஒலித்தன. ஓட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் சாந்தை உருண்டைகளாக வைத்து அழுத்தியிருந்தமையால் கீழே காற்று நின்றது. மேலும், பழைய சிவப்புச் சீமெந்தைக் கொத்தாமல் அதன்மேலேயே ஓடு பதிக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்காக மெழுகு ஊறிய அந்த வழுக்கு நிலத்தைச் சாந்து பற்றிக்கொள்ளவில்லை. நிலம் ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்ததால், கழுவிய நீர் வெளியேறும் துளை பாதி அடைபட்டது. தேங்கிய நீர் ஓட்டின் கீழே புகுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிக்கப்பட்டவை சுவருக்குரிய ஓடுகள். சுவரோடு மெல்லியது, தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை உறிஞ்ச வல்லது. நன்கு சுட்ட உயர்தரத் தரையோடோ நூற்றில் அரைப் பங்கைக்கூட உறிஞ்சுவதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விலை குறைந்ததைத் தேடியவர்களுக்கு அந்த வேறுபாட்டை எவரும் எடுத்துரைக்கவில்லை.

மீண்டும் ஒரு மேசனை அழைக்க வழியிருக்கவில்லை. 2020இல் தரையோட்டு இறக்குமதி தடைப்பட்டு விலைகள் ஏறின. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஏறத்தாழ 1,000 ரூபாவாக இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை 3,000 ரூபாவைத் தொட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடும் போராட்டத்தின் பின்னர் 2021இல்தான் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. மூன்று நாள் மலையேறினால் ஒரு மூட்டை என்பது கணக்கு. மேசனின் நாட்கூலியோ தோட்டத்து நாட்கூலியின் பல மடங்கு. ஆதலால் 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததைக் குறித்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி சென்ற அந்த ஆண்டில், இத்தம்பதியர் தம் குசினி நிலத்தைத் தாமே திருத்துவது என்று முடிவு செய்தனர்.

மகள் இதனை விரும்பவில்லை. தொலைபேசியில் அவள் கேட்ட வினா நியாயமானது. "நமக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு எதுக்கும்மா திரும்பத் திரும்பக் காசக் கொட்டுறீங்க? சேத்து வச்சா வெளிய ஒரு துண்டுக் காணி வாங்கலாமில்ல?" தாய் நீண்ட விடை கூறவில்லை. "காணி வாங்குற அன்னைக்கு வாங்குவோம். அது மட்டும் சோறு ஆக்குறது இங்கதானே புள்ள" என்றார். இவ்விரு கூற்றுகளுள் எது சரி என எளிதில் தீர்ப்புக் கூற இயலாது. மகள் நாளைய நாளை எண்ணிப் பேசினாள். தாய் அன்றைய காலைக் கருதிப் பேசினார்.

அலவாங்கை எடுப்பதற்கு முன்னர் தோட்டத்து ஆபீசில் கேட்க வேண்டியிருந்தது. லயத்தில் குடியிருப்போர் பொதுவாகத் தாமாக எதனையும் மாற்றிக் கட்ட முடியாது. வெளியே நீட்டாமல், சுவரைத் தொடாமல், உள்ளேயுள்ள நிலத்தை மட்டும் திருத்துவதற்கு வாய்மொழியாக இசைவு கிடைத்தது. ஓடுகளை நகரத்து இரும்புக்கடையில் மீந்து கிடந்தவற்றிலிருந்து தெரிந்தெடுத்தனர். குசினி பத்தடி நீளம், ஆறடி அகலம். அறுபது சதுர அடி. ஓரடி ஓடு அறுபதும், வெட்டும்போது உடைவதற்கெனப் பத்துக்கு ஒன்று வீதம் ஆறுமாக அறுபத்தாறு தேவை. சாம்பல் நிறத்தில் நாற்பத்தெட்டே இருந்தன. எஞ்சிய பதினெட்டு கபில நிறம். இம்முறை அவர்கள் ஓட்டைப் புரட்டிப் பார்த்து, தடிப்பை விரலால் அளந்து, பின்புறத்தில் நீர் தெளித்து எவ்வளவு விரைவில் உறிஞ்சுகிறது எனச் சோதித்தே வாங்கினர்.

நிலத்தைப் பெயர்க்கும் வேலை மாலை வேளைகளில் நடைபெற்றது. றப்பர்ப் பால் விடியற்காலையில்தான் நன்கு வடியும். ஆதலால் பால் வெட்டுபவரின் நாள் இருட்டிலேயே தொடங்கிப் பிற்பகலில் ஓய்கின்றது. கணவன் உளியால் ஓட்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கி உடைத்தார். மனைவி உடைந்ததைத் தாச்சியில் அள்ளிக் கொண்டுபோய்க் கானோரத்தில் கொட்டினார். ஓட்டின் கீழே சாந்து. சாந்தின் கீழே சிவப்புச் சீமெந்து. அதன் கீழே ஓரிடத்தில் சாம்பல் நிறச் சீமெந்து. அதற்கும் கீழே, அடுக்கடுக்காக, தாள் தாளாகப் பெயர்ந்து வரும் கருமையான மண். அது தலைமுறை தலைமுறையாக மெழுகிய சாணம். கணவனின் தாயும் பாட்டியும் வெள்ளிக்கிழமைதோறும் மெழுகிய படைகள் அவை. ஒவ்வொன்றும் கடதாசியளவு தடிப்பே. அவ்வாறு ஓரங்குல உயரத்துக்கு அவர்களின் உழைப்பு அங்கே படிந்து கிடந்தது. அகழ்வாராய்ச்சியாளர் பழம் நகரங்களில் தேடும் படைகளை அத்தம்பதியர் தம் அடுப்பங்கரையிலேயே கண்டனர்.

வீட்டினுள்ளிருந்து மண் வெளியேறுவது இரத்தினபுரி மாவட்டத்தில் சாதாரணச் செய்தி அன்று. மாணிக்கக்கல் விளையும் பூமி அது. மாணிக்கம் தங்கியுள்ள சரளைப் படைக்கு அங்குள்ளோர் வழங்கும் பெயர் 'இல்லம்'. சிங்களத்திலிருந்து வந்த அச்சொல் தமிழில் வீட்டைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருப்பது வியப்புக்குரியது. இரண்டாம் நாள் மாலை பக்கத்துக் காம்பராவின் இளைஞன் எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, இல்லம் பட்டுருச்சா?" என்று கேலியாகக் கேட்டான். "இல்லமாவது தம்பி, கல்லும் சாணியுந்தான்" என்றார் கணவன். ஆனால் மூன்றாம் நாள் வாச்சர் வந்தபோது கேலியில்லை. அனுமதியின்றி மாணிக்கம் தோண்டுதல் குற்றம். அதைப் பார்த்து வருமாறு அவர் அனுப்பப்பட்டிருந்தார். குழியின் ஆழத்தையும் குவிந்த மண்ணையும் அவர் மௌனமாக நோக்கினார். மனைவி ஓட்டுத் துண்டொன்றை எடுத்து, "இதத்தான் அண்ணே தோண்டுறோம். கால வெட்டிருச்சு" எனத் தம் குதிகாலைக் காட்டினார். வாச்சர் சிரித்துவிட்டு, ஒரு தேநீர் குடித்துச் சென்றார். தம் குசினியைத் தாம் தோண்டுவதற்கு விளக்கம் கூற வேண்டிய நிலை அவ்விருவரையும் சற்று நேரம் பேசாதிருக்கச் செய்தது.

அடுப்பிருந்த மூலையில் சாம்பலும் கரியும் கலந்த ஒரு படை தென்பட்டது. அடுப்பருகே சாம்பல் இருப்பது இயல்பே. ஆயினும் அப்படை அடுப்பைக் கடந்து கதவு வரை நீண்டிருந்தது. 1977 ஓகஸ்ட்டிலும், 1981 ஓகஸ்ட்டிலும், 1983 யூலையிலும் இம்மாவட்டத்தின் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். லயங்கள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. காடுகளில் இரவைக் கழித்தவர்களும், அனைத்தையும் விட்டு வவுனியா நோக்கிச் சென்றவர்களும் பலர். கணவன் 1981இல் சிறுவன். றப்பர் மலையில் தாயின் முந்தானையைப் பிடித்தபடி நின்றது மட்டும் அவர் நினைவில் உண்டு. அந்தக் கரி அடுப்பினுடையதா, கூரையினுடையதா என்று அவரால் கூற இயலவில்லை. அதனைத் தனியே ஒரு தாச்சியில் அள்ளி, வீட்டின் முன்னிருந்த கறிவேப்பிலை மரத்தின் அடியில் போட்டார்.

பின்னர் பதிக்கும் வேலை தொடங்கியது. கல்லும் சல்லியும் இட்டு இடித்து இறுக்கினர். ஈரம் மேலேறாதிருக்கத் தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேல் மெல்லிய கொங்கிறீட் போட்டு, இறுகுமுன் அதன் முகத்தைத் தும்புத்தடியால் சொரசொரப்பாக்கினர். பத்தடிக்கு ஓரங்குலம் வீதம் நீர்த்துளையை நோக்கிச் சாய்வு கொடுத்தனர்.

முதல் ஓட்டை எங்கே வைப்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு தோன்றியது. பழைய லயத்தின் எந்த மூலையும் மூலைமட்டத்துக்கு அடங்குவதில்லை. குசினியின் ஒரு பக்கம் பத்தடி, எதிர்ப்பக்கம் அதற்கு மூன்றங்குலம் குறைவு. எங்காவது ஓரிடத்தில் ஓட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். வருபவர் காண்பது வாசலையே. ஆகவே முழு ஓடுகள் வாசலிலிருந்து தொடங்க வேண்டுமென்பது கணவனின் எண்ணம். "வாறவுங்க அஞ்சு நிமிசம் நிப்பாங்க. நான்தானே இங்க குந்திக் கெடக்குறேன். எனக்குக் கீழ வெட்டுத் துண்டா?" என்றார் மனைவி. முடிவில் மனைவி ஒரு வழி கண்டார். மார்கழியில் வாசலில் புள்ளிக் கோலம் இடுபவர் அவர். புள்ளி பிசகினால் கோடு எங்கே போய் முட்டும் என்பது அவருக்குக் கைவந்தது. நூல் பிடித்து, சாந்து இல்லாமலே ஓடுகள் அனைத்தையும் ஒருமுறை பரப்பிப் பார்த்தார். ஓடுகளுக்கிடையே தீக்குச்சி வைத்து இடைவெளியைச் சமப்படுத்தினார். வெட்டிய வரிசையை விறகு அடுக்கும் சுவரோரத்துக்குத் தள்ளினால் வாசலும் தப்பும், அடுப்பங்கரையும் தப்பும் என்பது அப்போது புலனாயிற்று. கபில ஓடுகள் பதினெட்டும் அடுப்பைச் சுற்றி அமைந்தன. கரி படிந்தாலும் அவற்றில் தெரியாது.

ஓடுகளைத் தொட்டியில் ஊறவைத்தனர். உலர்ந்த ஓடு சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். நீரிழந்த சாந்து இறுகாது. ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு ஆற்றுமணல் கலந்த சாந்தை முழுப்பரப்பிலும் பரப்பி, அதன்மேல் சீமெந்துப் பால் தடவி, ஓட்டை வைத்துத் தட்டினர். மரத்தின் பட்டையை மில்லிமீற்றர் கணக்கில் சீவி, உள்ளிருக்கும் மென்படையில் காயம் படாமல் கத்தியை நிறுத்தப் பழகியது கணவனின் கை. அக்கையின் அளவான தட்டலில் ஓடுகள் ஒன்றின் விளிம்பில் ஒன்று இடறாமல் அமர்ந்தன. ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டார். வெற்றொலி வந்த இரண்டைப் பெயர்த்து மீண்டும் பதித்தார். மறுநாள் மனைவி வெள்ளைச் சீமெந்தைக் குழைத்து இடைவெளிகளில் விரலால் அழுத்தி நிரப்பினார். சீமெந்தின் காரம் விரல் நுனிகளை அரித்தது. கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள் வெளுத்துத் தோல் உரிந்தன. கையுறை வாங்க வேண்டும் என எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சாந்து இறுகும் வரை ஏழு நாள் நனைந்த சாக்கை நிலத்தின்மேல் விரித்து வைத்தனர். அதுவரை அடுப்பு பக்கத்துக் காம்பராவில் எரிந்தது. அவ்வீட்டு மதினி தம் சோற்றை இறக்கிய பின்னர் இவர்களின் உலையை ஏற்றினார். பத்துக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கிடக்கும் லயத்தில் தனிமை என்பதில்லை. அது ஒரு குறையே. ஆயினும் ஒரு வீட்டின் அடுப்பு அணைந்தால் மறு வீட்டின் அடுப்பு அதற்குப் பதிலாக எரியும். எட்டாம் நாள் குத்துவிளக்கேற்றி, பால் பொங்கவைத்து, புதிய நிலத்தில் மனைவி அமர்ந்தார். ஒரு குவளை நீரை அடுப்பருகே ஊற்றினார். அது தயங்காமல் துளையை நோக்கி ஓடியது.

இவ்வளவும் செய்த பின்னரும் அந்த நிலம் யாருக்குரியது என்ற வினா எஞ்சுகின்றது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளுக்கு வழங்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை ஏற்பட்டது. இம்மாற்றங்கள் எவையும் லயத்தின் குடியிருப்பாளரை அந்த மண்ணுக்கு உரிமையாளராக்கவில்லை. அண்மைக் காலத்தில் குடும்பமொன்றுக்குச் சிறு துண்டுக் காணியும் தனி வீடும் என்னும் கொள்கை ஏற்கப்பட்டு, இந்திய உதவியுடனும் வீடுகள் கட்டப்படுகின்றன. அது வரவேற்கத்தக்கது. ஆனால் நுவரெலியா மாவட்டம் போன்று செறிந்து வாழாமல், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தோட்டங்களாகச் சிதறிக் கிடக்கும் சபரகமுவத் தமிழரின் குரல் அத்திட்டங்களின் பட்டியலில் வலிமையாக ஒலிப்பதில்லை. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. அத்தம்பதியர் பதித்த நிலம் அறுபது சதுர அடி. அதாவது ஒரு பேர்ச்சஸின் கால் பங்கும் இல்லை. அதற்கேனும் அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

மண்ணும் உறுதியானதன்று. இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவுக்குப் பேர்போன மாவட்டங்கள். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமொன்றும் மண்ணில் புதைந்தது. நூறாண்டு கடந்த லயத்தில் புதிய ஓடு பதிப்பவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். மகளின் வினா இங்கு மீண்டும் வலிமை பெறுகின்றது.

எனினும் அத்தம்பதியரின் செயலை அறியாமை எனக் கொள்ளுதல் தவறாகும். அதனைப் போற்றிப் பாடி அத்துடன் அமைதலும் தவறே. தோட்ட மக்கள் தம் கையாலேயே தம் குசினியைத் திருத்திக்கொள்கின்றனர், ஆகவே அவர்களுக்குக் குறையொன்றுமில்லை எனக் கூறுவோர் உளர். அவர்கள் அச்செயலின் பொருளைத் தலைகீழாகப் படிக்கின்றனர். நான்கு தலைமுறையாக ஒரே இடத்தை மெழுகியும் பூசியும் பதித்தும் காத்துவந்தவர்கள், எரிந்தபோதும் திரும்பி வந்தவர்கள், அந்த இடத்தின்மீது தமக்குள்ள உறவை வேறெவ்வாறு மெய்ப்பிக்க வேண்டும்? காணிப் பதிவேட்டில் இல்லாத அவர்களின் உரிமைக்கு அந்நிலத்தின் படைகளே சான்று.

சட்டம் ஒருநாள் அவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் உறுதியும் வழங்குமாயின், அக்குசினியைக் கைவிட்டுச் செல்ல அத்தம்பதியர் தயங்கமாட்டார்கள். புதிய வீட்டின் நிலத்தையும் அவர்களே பதிப்பார்கள். கொத்த வேண்டிய இடத்தில் கொத்துவார்கள். தட்டிக் கேட்டே வைப்பார்கள். கற்ற தொழில் கையோடு வரும். அதுவரை சோறு ஆக்க ஒரு நிலம் வேண்டும். அதில் கால் வெட்டுப்படாதிருக்க வேண்டும். இருநூறு ஆண்டுகளின் பின்னர் ஒரு மக்கட் கூட்டத்தினர் கேட்கும் மிகச் சிறிய கோரிக்கை அது. அதனையும் அவர்கள் பிறரிடம் கேளாது தாமே நிறைவேற்றிக்கொண்டனர். கேட்டு நிற்பது மற்றைய நிலத்தைத்தான்.